பம்பு போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி...

பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "ரயில் பிரஷர் கம்மியா இருக்கு, ஹை பிரஷர் பம்பு போச்சு, மாத்தணும்" என்று யாராவது ஒரே மூச்சில் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஸ்கேனர் சொன்னது முன்பாதி மட்டும்தான். பின்பாதி சொல்பவரின் ஊகம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பழைய வண்டிக்குப் புதுப் பம்பு என்றால், மீன் லோடு அடிக்கிற குடும்பத்துக்குப் பல மாத மிச்சம் காலி. அவ்வளவு பணத்தை ஊகத்தை நம்பி இறக்கக் கூடாது.

எங்க ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம், முதலியார்சாவடிகளைத் தாண்டி வரும். கிழக்கே கடல், மேற்கே ஆரோவில் செம்மண் மேடு. பட்டா, சிட்டாவுக்கு வானூர் தாலுகா, விழுப்புரம் மாவட்டம். டீசலுக்கு மட்டும் புதுச்சேரி; அங்கே வரி குறைவு, விலையும் குறைவு. கரையில் ஏலம் முடிந்ததும் ஐஸ் போட்டு அடுக்கிய மீன் பெட்டிகள் பிக்கப்பில் ஏறும். திருச்சிற்றம்பலம் கூட்டு ரோடு, கிளியனூர் வழியாகத் திண்டிவனம், அங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் விழுப்புரம் என்று போகும். வண்டி நடுவழியில் நின்றால் டீசலோடு மீனும் நஷ்டம்.

என் மச்சானின் வண்டியும் அப்படி ஓடுகிற ஒன்றுதான். காமன் ரயில் எஞ்சின், நல்ல உழைப்பாளி, வயசாகிவிட்டது. கம்பெனி பேர் வேண்டாம். இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லை இப்படி ஆரம்பித்தது. காலையில் செல்ஃப் நீளமாக அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் சரியாகத்தான் போகும். லோடோடு போகும்போது முன்னால் போகிற லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மஞ்சள் விளக்கு எரியும், இழுவை போய்விடும். ஓரங்கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். ஒரு வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி 0087 என்று கோட் வந்தது, ரயில் பிரஷர் தேவைக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். "பம்புதான்" என்றார்கள்.

எங்க பக்கம் படகு எஞ்சினும் பார்ப்பார், வண்டியும் பார்ப்பார் என்று ஒரு அண்ணன் இருக்கிறார். அவரிடம் கொண்டு போனோம்.

"அண்ணே, ஸ்கேன்ல பிரஷர் கம்மின்னு வருது. பம்பு மாத்தணும்னு சொல்றாங்க."

"பம்புக்கு டீசல் ஒழுங்கா போவுதான்னு எவனாவது பாத்தானா தம்பி?"

"அது பாக்கலண்ணே."

"அப்ப பம்ப ஏன் திட்றீங்க?"

அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இந்தப் பதிவு முழுக்க.

டீசல் போகிற வழி

முதலில் வழியைத் தெரிந்துகொள்ளலாம். டேங்குக்குள் ஒரு சல்லடை. அங்கிருந்து சேஸிஸ் ஓரமாக வரும் சக்‌ஷன் லைன். அடுத்து தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணத்தோடு டீசல் ஃபில்டர். பெரும்பாலும் அதன் தலையிலேயே ஒரு கை பம்பு இருக்கும். பிறகு ஃபீட் பம்பு. நிறைய எஞ்சின்களில் இது ஹை பிரஷர் பம்போடு சேர்ந்தே இருக்கும் சின்ன கியர் பம்பு. சில வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் எலக்ட்ரிக் பம்பு. ஹை பிரஷர் பம்புக்குள் எவ்வளவு டீசல் நுழையலாம் என்பதை ஒரு மீட்டரிங் வால்வு அளந்து விடும். பம்பு அழுத்திய டீசல் ரயில் எனும் தடித்த இரும்புக் குழாயில் சேரும். அதன் ஒரு முனையில் பிரஷர் சென்சார். ரயிலிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனி இரும்புப் பைப். மிச்ச டீசல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும்.

அந்த அண்ணன் பழகியது மைக்கோ பம்பு காலத்தில். 1951இல் ஆரம்பித்த மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனிதான் மைக்கோ. 2008இல் பெயர் பாஷ் என்று மாறிவிட்டாலும் பட்டறைகளில் பழைய பெயர் இன்னும் போகவில்லை. 1986இல் வந்த டாடா 407, 2005இல் வந்த ஏஸ்ஸின் இரண்டு சிலிண்டர் எஞ்சின் எல்லாமே கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் பம்பு வண்டிகளாகத்தான் ரோட்டுக்கு வந்தன. கொஞ்சம் காற்று புகுந்தாலும் இருமிக்கொண்டே ஓடும். நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்தால் கிளம்பிவிடும். கார்களில் முதன்முதலாக 1997இல் ஆல்ஃபா ரோமியோவில் வந்த காமன் ரயில், பிறகு மாசு விதிகள் இறுக இறுக நம்ம சின்ன லோடு வண்டிகளுக்கும் வந்தது. 2011இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தின் மூன்று சிலிண்டர் எஞ்சினும் காமன் ரயில்தான்.

இதில் வித்தியாசம் பிரஷரில் இருக்கிறது. ஐடிலில் நிற்கும்போதே ரயிலில் ஏறக்குறைய 250லிருந்து 300 பார் இருக்கும். முழு லோடில் 1,300, 1,600 பார் என்று ஏறும். 1,600 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒன்றரை டன்னுக்கு மேல். பிக்கப்பின் முழு லோடையும் ஒரு விரல் நகத்தின்மேல் ஏற்றி வைத்த மாதிரி. செல்ஃப் அடிக்கும்போது 150, 200 பார் அளவுக்காவது வராவிட்டால் எஞ்சினின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. மஞ்சள் விளக்கும் இழுவை குறைவதும் அதன் வேலைதான். கேட்ட பிரஷர் வராவிட்டால் எஞ்சினைக் காப்பாற்ற அது சக்தியைக் குறைத்துவிடும்.

ஆனால் இந்த ஆயிரக்கணக்கான பாரும் ஆரம்பிக்கும் இடம் எது? சக்‌ஷன் லைன். அங்கே பம்பு உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். உறிஞ்சுகிற பக்கத்தில் நமக்கு உதவுவது வெளியே இருக்கும் காற்றழுத்தம் மட்டுமே, ஒரு பார். அந்த ஒரு பாருக்குள் ஏதாவது சிக்கல் வந்தால் மேலே 1,600 எப்படி வரும்? டீசலை அழுத்தினால் அது கிட்டத்தட்டச் சுருங்காது, காற்று சுருங்கும். பம்பு அடிக்கும் அடியில் பாதி அந்தக் குமிழியைச் சுருக்குவதற்கே செலவாகிவிடும்.

கசியாத கசிவு

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். "கீழே ஒரு சொட்டு டீசல் இல்லையே, லீக் எப்படி இருக்கும்?" என்பார்கள். அழுத்தித் தள்ளும் லைனில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வரும். உறிஞ்சும் லைனில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ராத்திரி வண்டி நிற்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து, லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் அதை மறுபடி இழுத்து நிரப்பும்வரை செல்ஃப் அடிக்க வேண்டியதுதான்.

எங்களுக்குத் துப்புக் கொடுத்தது மச்சான் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி. "ஒண்ணு கவனிச்சேன்டா, டேங்கு ஃபுல்லா இருந்தா தொல்ல குடுக்கறதில்ல." அண்ணன் அதைக் கேட்டதும் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். டேங்க் நிறைந்திருந்தால் டீசல் மட்டம் உயரமாக இருக்கும், பம்பு இழுக்க வேண்டிய உயரம் குறைவு. மட்டம் இறங்க இறங்க உறிஞ்சும் விசை கூட வேண்டும், சின்ன ஓட்டையும் வேலையைக் காட்டும். கையில் காசு கம்மியான வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக டீசல் அடித்து ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவது இதனால்தான்.

வண்டி எப்போது முரண்டு பிடிக்கிறது என்பதை மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே குறித்து வையுங்கள். ராத்திரி நின்று காலையில் மட்டும் ஸ்டார்ட்டிங் தொல்லை என்றால் காற்றையும் டீசல் இறங்கிப் போவதையும் முதலில் சந்தேகப்படலாம். சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு உடனே அடித்தால் கிளம்ப மறுக்கிறது என்றால் இன்ஜெக்டரோ பம்போ உள்ளுக்குள் தேய்ந்து கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளியில் சுலபமாக நழுவிவிடும். கொஞ்ச தூரம் ஓடியபிறகு மட்டும் இழுவை போய், டேங்க் மூடியைத் திறந்ததும் "புஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. செலவே இல்லாத சோதனை அது.

காற்றா, அடைப்பா?

அண்ணன் செய்த முதல் வேலை, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு அடி நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி ஹோஸ் போட்டது. எஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். ஃபில்டர் மாற்றிய கொஞ்ச நேரத்துக்கு ஒன்றிரண்டு குமிழி வரலாம். இதில் நிற்காமல் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தது.

குமிழியே இல்லாமல் பிரஷர் குறைந்தால் அடைப்பைத் தேட வேண்டும். சக்‌ஷன் லைனில் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டினால் பதில் கிடைத்துவிடும். முள் ரொம்ப ஏறினால் பம்பு மூச்சுத் திணறி இழுக்கிறது என்று அர்த்தம்: ஃபில்டரோ, டேங்க் சல்லடையோ, உள்ளே நசுங்கிய ஹோஸோ அடைத்துக்கொண்டிருக்கிறது. முள் ஏறாமல் குமிழி மட்டும் வந்தால் காற்று எங்கேயோ புகுகிறது. டேங்குக்குள் எலக்ட்ரிக் பம்பு இருக்கும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு மாறும். அதில் லைன் முழுக்கத் தள்ளும் பிரஷர் இருப்பதால் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும். பிரஷர் கேஜை ஃபில்டர் பக்கத்தில் மாட்டி, கம்பெனி சொன்ன அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். சாவி போட்டதும் டேங்க் பக்கமிருந்து சில நொடி வரும் 'ர்ர்ர்' சத்தம் வராவிட்டால் முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள்.

அடுத்தது கேன் சோதனை. டேங்கிலிருந்து வரும் லைனையும் ரிட்டர்னையும் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் இருக்கும் கேனில் இரண்டு ஹோஸையும் விட்டு எஞ்சினை ஓட்டுவது. கேனிலிருந்து ஓடும்போது குமிழி நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்கேனர் திரையில் கம்ப்யூட்டர் கேட்ட பிரஷரும் ரயிலில் இருந்த பிரஷரும் கூடவே ஏறி, கூடவே இறங்கின. ஃபில்டர், பம்பு, ரயில், இன்ஜெக்டர் எல்லாமே அந்த ஒரு சோதனையில் பெரும்பாலும் விடுதலை. குற்றவாளி டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில்.

கண்டுபிடித்த இடம் மீன் வண்டிக்காரர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய இடம். டேங்குக்குப் பக்கத்தில், சேஸிஸோடு இரும்பு பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு அடியில். லோடு பாடியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர், மீன் தண்ணீர், உப்பு எல்லாம் அந்த கிளாம்ப்பில் போய்த் தங்கும். வெளியே பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. கிளாம்ப்பைக் கழற்றியதும் பைப் துருப்பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. ஊசி முனை அளவு ஓட்டை. அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது பைப்பும் டீசல் ஹோஸும் போட்டு, ஒழுகும் தண்ணீர் அங்கே விழாதபடி பாடிக்கு ஒரு வடிகால் குழாயும் வைத்தார். பம்பு அப்படியே இருக்கிறது.

பம்பு பக்கம் எப்போது போவது?

எல்லா வண்டிக்கும் முடிவு இவ்வளவு சுலபமாக இருக்காது. கேனில் ஓட்டியும் பிரஷர் ஏறவில்லை என்றால் ஹை பிரஷர் பக்கம் போகத்தான் வேண்டும். அங்கேயும் ஒரு வரிசை உண்டு.

முதலில் பேக் லீக் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் ஒரு சின்ன பாட்டிலை மாட்டி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அளவைப் பார்ப்பது. எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேகமாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர்தான் பிரஷரைத் தின்கிறது. அதை விட்டுவிட்டுப் புதுப் பம்பு போட்டாலும் தொல்லை திரும்ப வரும். அடுத்து ரயிலில் இருக்கும் பிரஷர் லிமிட்டர் வால்வு. அது மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் ரிட்டர்னில் டீசலை விட்டுக்கொண்டிருக்கலாம். பிறகு சென்சார், மீட்டரிங் வால்வு, அவற்றின் கனெக்டர்கள். கடற்கரை ஊர்களில் கனெக்டர் பின்னில் பச்சை பூத்து, சென்சார் தப்புக் கணக்கு சொல்வது சர்வசாதாரணம். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பம்பு.

பம்பையே கழற்றினாலும் ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரிங் வால்வு உட்காரும் குழியிலோ ஃபில்டரிலோ மினுமினுக்கும் இரும்புத் தூள் இருக்கிறதா? இருந்தால் பம்பு உள்ளே உராய்ந்து அந்தத் தூளை ரயில், இன்ஜெக்டர்வரை அனுப்பிவிட்டது. லைன், ரயில், டேங்க் எல்லாம் சுத்தம் செய்து, இன்ஜெக்டரையும் சோதிக்காமல் பம்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்பும் சீக்கிரமே போய்விடும்.

இந்தப் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது, டீசல்தான் அதற்கு ஆயில். அதனால் காற்றோடும் தண்ணீரோடும் மண்ணெண்ணெய் கலந்த டீசலோடும் ஓட்டினால் உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசும். "எப்படியோ ஓடுதே" என்று அந்த ஊசிமுனை ஓட்டையோடே ஓட்டிக்கொண்டிருந்தால் கடைசியில் பம்பு நிஜமாகவே போய்விடும். சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்வது அதற்காகவும்தான்.

கையை மட்டும் வைக்காதீர்கள்

பழைய மெக்கானிக்கல் பம்பில் எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழக்கம் நம்ம ஊரில் உண்டு. படகு எஞ்சினில் கை பழகியவர்கள் இங்கேயும் அதையே செய்யப் பார்ப்பார்கள். காமன் ரயிலில் அது கூடவே கூடாது. ஆயிரம் பாரில் ஊசி மாதிரி வரும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் ஆரம்பத்தில் அதிகம் இருக்காது. உள்ளே சதை கெட்டு, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நடந்தால் மஞ்சள் தடவிக்கொண்டு உட்காராமல் அப்போதே ஜிப்மர் மாதிரி அறுவை சிகிச்சை வசதி இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய், "ஹை பிரஷர் டீசல் உள்ளே போயிடுச்சு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். லீக் தேடுவதற்கு விரல் வேண்டாம், ஒரு அட்டைத் துண்டு போதும். எஞ்சினை அணைத்த பிறகும் சில நிமிடம் கழித்துத்தான் அந்தப் பைப்புகளில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் மாற வேண்டும். புது ஃபில்டர் போடும்போது கேனிலிருந்து டீசலை அதற்குள் ஊற்றி நிரப்புவது. சுத்தமான பக்கத்தில் ஊற்றிவிட்டால் வடிகட்டாத டீசல் நேராகப் பம்புக்குப் போகும். இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளியே சில மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாத மணல் துகள் போதும். கொஞ்சம் கை வலித்தாலும் கை பம்பை அடித்தே நிரப்பச் சொல்லுங்கள்.

தடைக்காலத்தில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகுகள் போய் வந்தாலும் வண்டிக்கு லோடு சரியாகக் கிடைக்காது. பாதி டேங்கோடு பிக்கப் கடல் காற்றில் நிற்கும். பகல் சூட்டிலும் ராத்திரிக் குளிர்ச்சியிலும் டேங்கின் காலிப் பகுதியில் ஈரம் வியர்த்துத் தண்ணீராக இறங்கி அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து வழவழப்பான கசடு உண்டாகும். ஜூனில் வண்டியை எடுத்ததும் அந்தக் கசடு நேராகச் சல்லடைக்கும் ஃபில்டருக்கும் வரும். எங்க வண்டியின் சல்லடையிலும் அது இருந்தது.

அதனால் தடைக்காலத்துக்கு வண்டியை நிறுத்தும் முன் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். நின்ற வண்டியை எடுப்பதற்கு முன் ஃபில்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து தண்ணீர் வடியுங்கள். லோடு இறக்கியதும் பாடியை மட்டும் கழுவாமல் சேஸிஸ், டேங்க் பட்டை, லைன் கிளாம்ப் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது கிளாம்ப்புகளைக் கழற்றி அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையும் மீறி ஒருநாள் மஞ்சள் விளக்கு எரிந்து, "பம்பு போச்சு" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். கண்ணாடி ஹோஸ் போட்டுக் குமிழி பார்த்தீர்களா? கேனில் ஓட்டிப் பார்த்தீர்களா? பேக் லீக் அளந்தீர்களா? மூன்றுக்கும் பதில் வரும்வரை பம்புக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.